வெட்டி ஒட்டியவரின் சுவர்கள்: றொமேர் பியர்டனின் கண்காட்சிகளும் ஒரு பழைய கேள்வியும்

போன வருடம் எங்களில் நாலைந்து பேருக்குக் கொழும்பில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. தலைப்பில் 'வடக்கு கிழக்கு இளையோர்' என்ற சொற்கள் இருந்தன. சந்தோசமாகத்தான் இருந்தது. வேலைகளின் படங்களை அனுப்பினோம். ஒரு தோழி பழைய பத்திரிகைத் துண்டுகளையும் சேலைக் கரைத் துணியையும் ஒட்டி, மேலே நீலச்சாயம் பூசி ஒரு கொலாஜ் செய்திருந்தாள். அதில் ஆட்கள் இல்லை, வீடு இல்லை, கம்பிவேலி இல்லை. நிறமும் இடைவெளியும் மட்டும்தான். ஏற்பாட்டாளர்களிடமிருந்து மரியாதையாக ஒரு கேள்வி வந்தது: "இதில யுத்தம் எங்க இருக்கு?"

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எங்களுக்குள் இரண்டு நாள் சண்டை. "போகத்தான் வேணும், சுவர் கிடைக்கிறதே பெரிசு" என்றார்கள் சிலர். "எங்களை ஒரு பெட்டிக்குள்ள போட்டு, பெட்டிக்குப் பெயரும் எழுதி வைச்சிருக்கினம். அதுக்குள்ள போய் இருக்கோணுமா?" என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை.

அந்த நாட்களில்தான் கலை வரலாற்றுப் பாடத்துக்காக றொமேர் பியர்டனைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தோம். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். கொலாஜ் என்றவுடன் அந்நாட்டில் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. அவருடைய வேலைகளைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நாங்கள் பார்க்க விரும்பியது அவருடைய கண்காட்சிகளை. எந்தச் சுவரில், எந்த ஆண்டில், யாரோடு, என்ன பெயரின் கீழ் அவை தொங்கின? அப்படி வரிசைப்படுத்திப் பார்த்தால், எங்கள் இரண்டு நாள் சண்டையை அந்த மனிதர் ஐம்பது வருடமாகத் தனக்குள் போட்டிருக்கிறார் என்று தெரிகிறது.

எரிந்துபோன படங்கள்

பியர்டன் 1911இல் நோர்த் கரோலைனா மாநிலத்தின் ஷார்லட் நகரில் பிறந்தார். அவர் சிறுபிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தெற்கின் இனப்பாகுபாட்டுச் சட்டங்களை விட்டு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே போன காலம் அது. தாய் பெசி பியர்டன் பத்திரிகையாளர். 'சிக்காகோ டிஃபெண்டர்' பத்திரிகையின் நியூயோர்க் ஆசிரியர். வீட்டுக்குக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸும் இசைஞர் டியூக் எலிங்டனும் வந்துபோவார்கள்.

பாடசாலைக் காலத்தில் கொஞ்ச நாள் பிட்ஸ்பேர்க்கில் பாட்டி வீட்டில் இருந்தார். உருக்காலைத் தொழிலாளர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுக்கும் வீடு அது. அங்கே யூஜின் என்றொரு பெடியனோடு பழக்கம். அவன்தான் பியர்டனுக்குப் படம் கீறக் கற்றுக்கொடுத்தான். அவன் கீறியது தன் தாய் வேலைசெய்த விபசார விடுதியின் உள்ளே நடப்பவற்றை. பாட்டி அந்தப் படங்களைக் கண்டுவிட்டு எல்லாவற்றையும் நெருப்பில் போட்டாராம். ஆனால் அந்தப் பெடியனைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டாராம். கொஞ்ச நாளில் யூஜின் இறந்துபோனான். இந்தக் கதையைப் பியர்டன் தன் அறுபதுகளில்தான் விரிவாகச் சொன்னார். பிறகு இதற்குத் திரும்ப வருவோம்.

நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறையில் பட்டம் பெற்றார், 1935இல். படிக்கும்போதே கறுப்பினப் பத்திரிகைகளுக்கு அரசியல் கேலிச்சித்திரம் வரைந்தார். 'ஆர்ட் ஸ்டூடன்ற்ஸ் லீக்' என்ற கலைப்பள்ளியில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் ஜோர்ஜ் குறோஸ். இது சின்ன விஷயம் இல்லை. முதலாம் உலகப்போருக்குப் பிறகு பேர்லினில் புகைப்படங்களை வெட்டி ஒட்டி அரசியல் கேலி செய்த 'டாடா' கூட்டத்தில் ஒருவர் குறோஸ். ஹிட்லர் பதவிக்கு வந்த வருடம் அமெரிக்காவுக்கு வந்துவிட்டவர். முப்பது வருடம் கழித்துப் பியர்டன் கத்தரிக்கோலை எடுத்தபோது, அதற்குப் பின்னால் ஒரு நீண்ட நூல் ஓடியிருந்தது.

1934இல், 23 வயதில், அதாவது எங்கள் வயதில், அவர் 'ஒப்பொர்ச்சூனிற்றி' சஞ்சிகையில் ஒரு காரமான கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் 'ஹார்மன் பவுண்டேஷன்' என்ற அமைப்பு கறுப்பினக் கலைஞர்களுக்கென்றே பரிசுகளும் கண்காட்சிகளும் நடத்திவந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் பியர்டனுக்கு அது செல்லம் கொடுத்துக் கெடுக்கிற வேலையாகப் பட்டது. கறுப்பினத்தவர் என்ற காரணத்துக்காகத் தரம் பார்க்காமல் தூக்கி வைக்கிறார்கள், கலைஞர்களும் வெள்ளையரைப் பார்த்துப் போலிசெய்து திருப்திப்படுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. தனி வரிசை வேண்டாம் என்ற குரல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

உள்ளே போனதும் வெளியே வந்ததும்

முதலாவது தனிக்கண்காட்சி 1940இல். இடம் ஹார்லெம், 141ஆவது வீதியில் '306' என்று இலக்கத்தாலேயே அழைக்கப்பட்ட ஒரு ஸ்டூடியோ. கலைஞர்களும் எழுத்தாளர்களும் கூடிக் கதைத்த இடம். இரண்டாம் உலகப்போரில் இராணுவ சேவை. 1944இல் வொஷிங்டனில் கரெஸ் குறொஸ்பி நடத்திய காட்சிக்கூடத்தில் அவருடைய வேலைகள் தொங்கின. அங்கிருந்து கதவு திறந்தது. 1945இல் நியூயோர்க்கின் சாமுவேல் கூற்ஸ் காட்சிக்கூடம் அவரை எடுத்துக்கொண்டது. கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய வரிசையைக் காட்சிக்கு வைத்தார். அதிலிருந்து ஒரு படத்தை நியூயோர்க் நவீன கலை நூதனசாலையே வாங்கியது. கூற்ஸிடம் அப்போது இருந்த மற்றவர்கள் றொபர்ட் மதர்வெல், வில்லியம் பஸியோட்ஸ் போன்றவர்கள். பின்னால் அமெரிக்க நவீன ஓவியத்தின் பெரிய பெயர்கள்.

1946இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையில் நேரடியாகவே சொல்கிறார்: கறுப்பினக் கலைஞர்களை மட்டும் சேர்த்து நடத்தும் தனிக்கண்காட்சிகள் வேண்டாம், அவை பாகுபாட்டை வேறொரு பெயரில் தொடர்கின்றன. அப்போது அவருக்கு அதைச் சொல்லும் தெம்பு இருந்தது. பொதுவான சுவரில் அவருக்கு இடம் கிடைத்திருந்ததே!

ஆனால் அந்தச் சுவர் நிலைக்கவில்லை. கூற்ஸ் 1948இல் காட்சிக்கூடத்தை மூடினார். அடுத்த வருடம் திரும்பத் திறந்தபோது பியர்டனின் பெயர் பட்டியலில் இல்லை. நியூயோர்க் ஓவியம் அரூபத்தின் பக்கம், பெரிய கன்வஸ்களின் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பியர்டனோ பைபிளையும் ஹோமரையும் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே நின்றவரைத் திரும்பிக் கூப்பிட யாரும் இல்லை.

1950இல் போர்வீரர்களுக்கான கல்வி உதவியில் பரிஸுக்குப் போய் மெய்யியல் படித்தார். திரும்பி வந்து கொஞ்சக்காலம் பாட்டு எழுதினார். அவர் சேர்ந்து எழுதிய 'சீ பிறீஸ்' என்ற பாட்டைப் பிரபல பாடகர் பில்லி எக்ஸ்ரைன் பாடி இசைத்தட்டும் வந்தது. ஓவியத்தை விட்டுவிடலாம் என்ற நிலை. 1950களின் நடுவில் மனம் உடைந்து ஆஸ்பத்திரியிலும் இருந்தார். இத்தனைக்கும் இடையில் அவருடைய சாப்பாட்டுக்கு வழி என்ன? நியூயோர்க் மாநகர சமூகசேவைத் திணைக்களத்தில் வேலை. 1930களின் நடுவில் தொடங்கி, இடையில் விட்டு, 1960கள் வரைக்கும் அந்த வேலைதான். பகலில் வறுமைப்பட்ட குடும்பங்களின் கோப்புகள், இரவிலும் சனி ஞாயிறுகளிலும் ஓவியம். கலைஞர் என்றால் முழுநேரமும் தாடியோடு ஸ்டூடியோவில் இருப்பவர் என்று நினைக்கிற எங்களுக்கு இது நல்ல மருந்து.

அந்த இருண்ட வருடங்களில் அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஜியோட்டோ, றெம்பிராண்ட் போன்ற பழைய ஓவியர்களின் படங்களை 'போட்டோஸ்டற்' என்ற முறையில் பெருப்பித்து எடுத்து, அவற்றைப் பார்த்துத் தானாகவே திரும்ப வரைந்து பழகினார். பள்ளிப்பிள்ளை மாதிரி. போட்டோஸ்டற் என்பது இன்றைய போட்டோக்கொப்பிக்கு முந்திய தலைமுறை. அந்த மெஷின் அவருடைய வாழ்க்கையில் இன்னொருமுறை வரும்.

1956இலிருந்து கனால் வீதி மேல்மாடியில் அவருடைய இருப்பிடமும் ஸ்டூடியோவும். அங்கே வர்ணம் துணியில் ஊறிப் பரவும் அரூப ஓவியங்களைச் செய்தார். 1960ஐ ஒட்டிய வருடங்களில் அவற்றைக் காட்சிக்கும் வைத்தார். அவை நல்ல ஓவியங்கள். ஆனால் 'பியர்டன்' என்ற பெயரோடு இன்று யாரும் அவற்றை முதலில் நினைப்பதில்லை.

1963: ஒரு கூட்டம், ஒரு மறுப்பு

1963 ஜூலை 5. வொஷிங்டன் நோக்கிய பெரும் ஊர்வலத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. பியர்டனின் கனால் வீதி மாடியில் சில கறுப்பினக் கலைஞர்கள் கூடினார்கள். ஹேல் வூட்றஃப், சார்ள்ஸ் ஆல்ஸ்ரன், நோர்மன் லூயிஸ், றிச்சர்ட் மேஹ்யூ போன்றவர்கள். நாடே கொதிக்கும்போது ஓவியர் என்ன செய்வது என்பதுதான் கதை. குழுவுக்கு 'ஸ்பைறல்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு மையத்திலிருந்து வெளியே, மேலே விரிந்துகொண்டே போகும் சுருள்.

அவர்களுக்குள் தீராத விவாதம் ஒன்று இருந்தது: 'கறுப்பு உருவம்' என்று ஒன்று உண்டா? கறுப்பினத்தவர் கீறினால் அது கறுப்பினக் கலையா, அல்லது அதற்கு ஒரு தனி முகம் வேண்டுமா? நோர்மன் லூயிஸ் அரூப ஓவியர். போராட்டத்தில் ஆளாக நிற்கலாம், ஓவியம் துண்டுப்பிரசுரமாக வேண்டியதில்லை என்ற பக்கம். வேறு சிலருக்கு அது போதவில்லை. எங்கள் தோழியிடம் கேட்ட "யுத்தம் எங்க?" என்ற கேள்வி அந்த மாடியிலும் வேறு உடுப்பில் இருந்திருக்கிறது. ஒரு வித்தியாசம்: அங்கே அதைக் கலைஞர்கள் தங்களுக்குள் தாங்களே கேட்டுக்கொண்டார்கள். இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் குழுவில் இருந்த ஒரேயொரு பெண் எம்மா அமோஸ், பின்னால் சேர்ந்த இளையவர். சமத்துவம் பேசிய மாடியிலும் கதிரைகள் அப்படித்தான் போடப்பட்டிருந்தன.

குழுவுக்குப் பியர்டன் ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் சேர்ந்து ஒரு கொலாஜ் செய்வோம். சஞ்சிகைகளிலிருந்து வெட்டிய படங்களை ஒரு பை நிறையக் கொண்டும் வந்தார். மற்றவர்களுக்கு அதில் பெரிய ஈடுபாடு வரவில்லை. சரியென்று தனியே செய்யத் தொடங்கினார். கூட்டாகச் செய்ய நினைத்த வேலை கைவிடப்பட்டதால்தான் இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான கொலாஜ் வரிசைகளில் ஒன்று பிறந்தது. குழு வேலைகளில் ஒருவரும் வராமல் தனியே மாட்டுப்படுகிற எல்லோருக்கும் இதை ஆறுதலாகச் சொல்லி வைக்கிறோம்.

அந்தக் கொலாஜ்கள் சின்னவை. உதாரணமாக 'புறா' என்ற வேலை ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் உயரம், 47 சென்ரிமீற்றர் அகலம். ஏ3 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்குள் ஒரு ஹார்லெம் வீதியே நெருக்கிக்கொண்டு நிற்கிறது. படிக்கட்டுகள், ஜன்னல்கள், கதவுக்கு மேலே வெள்ளைப் புறா, கீழே பூனை, சிகரெட் பிடிக்கிறவர், எட்டிப் பார்க்கிறவர். முகங்களைக் கிட்டப்போய்ப் பார்த்தால் திடுக்கிடும். ஒருவருடைய கண் இன்னொருவருடையது. மூக்கு ஆபிரிக்க முகமூடியிலிருந்து வந்தது. கை மட்டும் உடம்புக்கு அளவில்லாமல் பெரிது. சஞ்சிகைப் படங்களில் வெட்டுப்பட்ட மனிதர்களைச் சேர்த்து, ஒரு சஞ்சிகையும் காட்டாத மனிதர்களைச் செய்திருக்கிறார்.

இது கண்டபடி ஒட்டியது இல்லை. முதலில் தாளை நீள்சதுரங்களாகப் பிரிப்பார். பிறகு துண்டுகளை அந்தக் கட்டத்துக்குள் ஏற்றி இறக்குவார். இடைவெளிகளைப் பற்றி அவர் கற்றது ஓவியத்தில் மட்டும் இல்லை. நண்பரான ஓவியர் ஸ்ருவர்ட் டேவிஸ் சொல்லி, ஏர்ல் ஹைன்ஸ் என்ற ஜாஸ் பியானோக் கலைஞரின் இசைத்தட்டுகளைக் கேட்டு, சுரங்களை விட்டுவிட்டு அவற்றுக்கு நடுவிலிருக்கும் மௌனத்தைக் கவனிக்கப் பழகினார். 'லெனொக்ஸ் அவென்யூ 461, மாலை 9.10' என்ற படத்தில் காட்ஸ் விளையாடிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது செஸானின் சீட்டாட்டக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். வருடக்கணக்காகப் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்த பயிற்சி ஹார்லெம் வீட்டு மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தச் சின்னக் கொலாஜ்களைக் கறுப்பு வெள்ளைப் போட்டோஸ்டற்றாகப் பெருப்பித்துப் பார்த்தார். சுருட்டி வைத்திருந்த அவற்றைக் காட்சிக்கூடக்காரர் ஆர்ன் எக்ஸ்ரொம் கண்டார். உடனேயே அதுதான் அடுத்த கண்காட்சி என்று முடிவெடுத்தார். 1964 அக்டோபரில் 'கோடியே அண்ட் எக்ஸ்ரொம்' காட்சிக்கூடத்தில் 'புறஜெக்ஷன்ஸ்' என்ற பெயரில் அது திறந்தது. பியர்டனுக்கு அப்போது 53 வயது. அடுத்த வருடம் அது வொஷிங்டனின் கோர்கொரன் கலைக்கூடத்துக்குப் போனது. நூதனசாலை மட்டத்தில் அவருடைய முதலாவது தனிக்கண்காட்சி அதுதான். அதே 1965இல் ஸ்பைறல் குழுவும் தன் கண்காட்சியை வைத்தது. எல்லா வேலைகளும் கறுப்பு வெள்ளையில் மட்டும். அதன் பிறகு குழு கலைந்தது.

தனி வரிசையை எதிர்த்தவர் தனி வரிசை அமைக்கிறார்

இங்கேதான் எங்களுக்கு இந்த வரலாறு சூடாகிறது. 1946இல் தனிக்கண்காட்சி வேண்டாம் என்று எழுதியவர், 1967இல் கரொல் கிறீன் என்பவரோடு சேர்ந்து நியூயோர்க் சிற்றி கொலிஜில் ஒரு கண்காட்சியை ஒழுங்கு செய்தார். பெயர்: 'ஆபிரிக்க அமெரிக்கக் கலைஞர்களின் வளர்ச்சி, 1800 முதல் 1950 வரை'. முழுக்க முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள்.

சொன்ன சொல்லை மாற்றினாரா? நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. இருபது வருடத்தில் அவர் ஒன்றைக் கண்டுவிட்டார். பொதுச்சுவர் தானாகத் திறக்காது. திறந்தாலும், கூற்ஸ் செய்ததுபோல, ஒரு வருடத்தில் மூடிக்கொள்ளும். யாருக்கும் ஒரு முன்வரலாறு இருக்கிறது என்று காட்டாவிட்டால் ஒவ்வொரு தலைமுறையும் 'முதலாவது கறுப்பினக் கலைஞர்' என்ற பட்டத்தோடு புதிதாகத் தொடங்க வேண்டும். ஹார்மன் பவுண்டேஷன் கண்காட்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், யார் தெரிவுசெய்தார்கள் என்பது. அங்கே மற்றவர்கள் தட்டிக்கொடுத்தார்கள். இங்கே அந்தச் சமூகமே தன் கணக்கை எழுதியது.

தெரிவுசெய்கிறவர் யார் என்ற பிரச்சினை 1969 ஜனவரியில் வீதிக்கு வந்தது. நியூயோர்க்கின் மெற்றொபொலிற்றன் நூதனசாலை 'ஹார்லெம் ஒன் மை மைண்ட்' என்ற பெரிய கண்காட்சியைத் திறந்தது. ஹார்லெமைப் பற்றிய கண்காட்சி. புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள், எல்லாம் இருந்தன. ஹார்லெம் கலைஞர்களின் ஓவியமும் சிற்பமும் மட்டும் இல்லை. நாட்டின் மிகப்பெரிய கலை நூதனசாலை கறுப்பினத்தவரைத் தகவலாகக் காட்டியது, கலைஞராகக் காட்டவில்லை. பெனி அண்ட்றூஸ் போன்ற கலைஞர்கள் வாசலில் மட்டைகளோடு நின்று மறியல் செய்தார்கள். இதை வாசித்தபோது எங்கள் அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் ஊர்களும் எத்தனை தரம் இப்படித் தகவலாக மட்டும் சுவரில் தொங்கியிருக்கின்றன!

அதே 1969இல் பியர்டன், நோர்மன் லூயிஸ், ஏர்னெஸ்ட் கிறிச்லோ மூவரும் 'சின்கே' காட்சிக்கூடத்தைத் தொடங்கினார்கள். 1839இல் 'அமிஸ்ராட்' கப்பலில் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவரின் பெயர் அது. நோக்கம், இளம் சிறுபான்மைக் கலைஞர்களுக்கு முதலாவது சுவரைக் கொடுப்பது. தொடங்கியவர்கள் மூவரும் அப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். தங்களுக்குக் கிடைக்காததைப் பின்னால் வருகிறவர்களுக்குச் செய்துவைத்தார்கள். இதற்கிடையில் பியர்டனின் கொலாஜ்கள் 1968இல் 'ஃபோர்ச்சூன்', 'டைம்' சஞ்சிகைகளின் அட்டைகளுக்கே போயிருந்தன. சஞ்சிகைகளை வெட்டியவர் சஞ்சிகையின் அட்டையானார்.

1971 மார்ச்சில் நவீன கலை நூதனசாலை 'த பிறவலன்ஸ் ஒஃப் றிச்சுவல்' என்ற பெயரில் அவருடைய முழுநிலைக் கண்காட்சியைத் திறந்தது. அதே நாட்களில் கறுப்பினச் சிற்பி றிச்சர்ட் ஹண்டின் கண்காட்சியும் அங்கே நடந்தது. இது வானத்திலிருந்து விழவில்லை. முந்திய இரண்டு வருடமாகக் கலைஞர்கள் அந்த நூதனசாலையின் வாசலில் நின்று, கறுப்பினக் கலைஞர்களுக்கு இடம் கேட்டுப் போராடியிருந்தார்கள். உள்ளே தொங்கியதற்கு வெளியே நின்றவர்களும் காரணம். அதே ஏப்ரலில் நியூயோர்க்கின் விட்னி நூதனசாலை சமகாலக் கறுப்பினக் கலைஞர்கள் பற்றிய கண்காட்சியைத் திறந்தபோது, அழைக்கப்பட்டவர்களில் 15 பேர் விலகிக்கொண்டார்கள். அதை ஒழுங்குசெய்வதில் கறுப்பினக் கலையை அறிந்த ஒருவருக்கு இடம் கொடுக்கவில்லை என்பது முறைப்பாடு. ஒரே நகரம், ஒரே வசந்தகாலம்: ஒருவர் உள்ளே போகிறார், 15 பேர் வெளியே வருகிறார்கள். இரண்டும் ஒரே போராட்டம்தான்.

நவீன கலை நூதனசாலையில்தான் 'த புளொக்' முதன்முதலில் காட்டப்பட்டது. ஆறு பலகைகள், மொத்தம் ஐந்தரை மீற்றர் நீளம். லெனொக்ஸ் அவென்யூவில் நண்பர் அல்பேர்ட் மரேயின் மாடியிலிருந்து தெரியும் ஒரு வரிசைக் கட்டடங்கள். சவரக்கடை, தேவாலயம், செத்தவீடு, ஜன்னலுக்குள் காதலர்கள். சுவர்களைத் திறந்துபோட்டு உள்ளே நடப்பதையும் காட்டியிருப்பார். கூடவே வீதிச் சத்தங்களின் ஒலிப்பதிவும் ஓடியது. 'ஹார்லெம் ஒன் மை மைண்ட்' கண்காட்சியும் ஹார்லெமைக் காட்டியது, சத்தத்தையும் போட்டது. ஆனால் 'த புளொக்' அங்கே வளர்ந்த ஒருவரின் கண். வேடிக்கை என்னவென்றால், 1978இல் இந்த வேலை அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தது அதே மெற்றொபொலிற்றன் நூதனசாலைக்குத்தான்.

சுவரில் எழுதிய கதை

1977இல் ஹோமரின் ஒடிசியூஸ் கதையை 20 கொலாஜ்களாகச் செய்து காட்சிக்கு வைத்தார். ஒடிசியூஸ் கறுப்பர், பெனலோப்பி கறுப்பு, கடலும் தெய்வங்களும் அவர்களுடையவை. 1940களில் ஹோமரைக் கீறியபோது கிடைக்காத பதில் இப்போது கையில் இருந்தது. வீட்டைத் தேடி அலைகிற கதை யாருக்கும் தனிச்சொத்து இல்லை.

அதே வருடம் 'நியூயோர்க்கர்' சஞ்சிகையில் கல்வின் ரொம்கின்ஸ் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதற்காகப் பழைய ஞாபகங்களைக் கிளறியவர், அவற்றையே கண்காட்சியாக்கினார். 'புறொஃபைல்: இருபதுகள்' 1978இல், 'முப்பதுகள்' 1981இல். படங்களுக்குக் கீழே ஒட்டும் சின்ன விவரத்தாளை விட்டுவிட்டு, அல்பேர்ட் மரேயோடு சேர்ந்து எழுதிய சிறு வசனங்களைச் சுவரிலேயே எழுதிவைத்தார். பார்க்க வருகிறவர் ஒரு புத்தகத்துக்குள் நடப்பதுபோல நடந்தார். அங்கே தொங்கிய ஒன்று 'பிரியாவிடை யூஜின்'. பிட்ஸ்பேர்க்கில் செத்துப்போன அந்தப் பெடியனின் அடக்கம். பாட்டி எரித்த படங்கள் திரும்பி வரவில்லை. ஆனால் கீறியவன் அரை நூற்றாண்டு கழித்து நியூயோர்க் சுவருக்கு வந்துவிட்டான்.

இந்தக் கண்காட்சிகளைப் பார்த்தவர்கள், புத்தகமாகப் பார்த்தவர்கள் மூலம் அவை வேறு கலைகளுக்கும் போயின. நாடகாசிரியர் ஓகஸ்ற் வில்சன், பிட்ஸ்பேர்க்காரர், பியர்டனின் ஒரு கொலாஜிலிருந்து 'ஜோ டேர்னர்ஸ் கம் அண்ட் கோன்' நாடகத்தையும், இன்னொன்றிலிருந்து 'த பியானோ லெசன்' நாடகத்தையும் எழுதினார். அவர் ஒருமுறை கனால் வீதி வீட்டு வாசல்வரை போய், தட்டாமல் திரும்பிவிட்டாராம். இருவரும் சந்திக்கவே இல்லை.

1987இல் அமெரிக்க அரசு தேசிய கலைப் பதக்கம் கொடுத்தது. 1988 மார்ச் 12இல் பியர்டன் காலமானார். 2003இல் வொஷிங்டனின் தேசிய கலைக்கூடம் அவருடைய பெரிய மீள்பார்வைக் கண்காட்சியை நடத்தியது. அந்த நிறுவனத்தில் ஒரு கறுப்பினக் கலைஞரின் முதலாவது தனிக்கண்காட்சி அது. திகதியைக் கவனியுங்கள்: 2003! அவருடைய அரூப ஓவியங்களை மட்டும் எடுத்து ஒரு நூதனசாலை கண்காட்சி வைப்பதற்கு 2017 வரை பொறுக்க வேண்டியிருந்தது. கறுப்பின வாழ்க்கையைக் காட்டியவர் என்ற புகழ் உண்மையானதுதான். ஆனால் அந்தப் புகழே அவருடைய இன்னொரு பாதியை இத்தனை வருடம் மறைத்தும் வைத்திருந்தது.

திரும்ப எங்கள் அறைக்கு

பியர்டனின் கதை எங்களுக்கு ஒரு தீர்ப்பைத் தரவில்லை. 'போ' என்றும் 'போகாதே' என்றும் அவர் சொல்லவில்லை. வாழ்க்கையின் வெவ்வேறு காலத்தில் இரண்டையும் செய்தார். ஆனால் ஒரு அழைப்பு வந்தால் கேட்கவேண்டிய கேள்விகளைத் தந்தார். யார் தெரிவுசெய்கிறார்கள்? சுவரில் எங்களைப் பற்றி எழுதுவது யார்? நாங்கள் அங்கே கலைஞராகத் தொங்குகிறோமா, தகவலாகவா? எங்களுக்குப் பிறகு வருகிறவருக்கு அந்தக் கதவு திறந்திருக்குமா?

கடைசியில் வேலைகளை அனுப்பினோம். ஆனால் ஒரு கடிதத்தோடு. நீலக் கொலாஜும் சேர்ந்தே வரும், அல்லது ஒன்றும் வராது. விவரங்களை நாங்களே எழுதுவோம். பதில் வர இரண்டு கிழமை எடுத்தது. சம்மதித்தார்கள். திறப்பு நாளன்று அந்த நீலத்துக்கு முன்னால் ஒரு வயதான அம்மா கனநேரம் நின்றார். பிறகு தோழியிடம் வந்து, "பிள்ளை, இந்தக் கரை பழைய கூறைச் சேலையோட கரையெல்லே?" என்று கேட்டார். அது அவளுடைய அம்மம்மாவின் கூறை. யுத்தத்தைப் பற்றி அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் அந்தச் சுவருக்கு முன்னாலேயே நின்று சேலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த செமெஸ்டரில் எங்கள் பீடத்து நடையோரச் சுவரில் முதலாம் வருடப் பிள்ளைகளின் வேலைகளை வைக்க யோசித்திருக்கிறோம். கத்தரிக்கோலும் பசையும் பழைய பத்திரிகைகளும் எங்களிடம் இருக்கின்றன. தலைப்பு மட்டும் இன்னும் வைக்கவில்லை. அதை அவர்களே வைக்கட்டும்.